முதல் 40 நாள் மருந்து எதற்கு?



சம்பா நடவு முடிந்து இருபது இருபத்தைந்து நாள் ஆனதும் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "பயிர்ல பூச்சி விழுந்திருக்கு, மருந்து அடிக்கணும், உள்கடன் வேணும்." தீர்மான நோட்டில் "விவசாயச் செலவு" என்று எழுதுவோம். அந்த ஒரு சொல்லுக்குள் உரம், ஆள் கூலி, மருந்து எல்லாம் அடங்கிவிடும். இந்த இதழில் மருந்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம். காரணம், நெல் வயலில் எந்தப் பூச்சி எதைத் தின்று, எதோடு சேர்ந்து வாழ்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் சேற்றில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது நம் பணத்தோடும், களை எடுக்க வயலில் இறங்குகிற நம் உடம்போடும் சம்பந்தப்பட்டது.

வெள்ளாற்றுப் பாசனமோ, வீராணம் தண்ணீரோ, நெய்வேலி சுரங்கத் தண்ணீர் வந்து சேரும் வாலாஜா ஏரிப் பக்கமோ, சேத்தியாத்தோப்பைச் சுற்றி எங்கே போனாலும் நெல்லுக்குப் பெரிய எதிரி என்றால் புகையானைத்தான் சொல்வார்கள். பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னத் தத்துப்பூச்சி அது. பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் புகைந்த மாதிரி ஆகிவிடும். கேரளாவில் குட்டநாட்டில் 1973-74இல் இது பெருவாரியாக வந்து வயல் வயலாக அழித்தது. அதற்கு முன்னால் இந்தப் பூச்சி இல்லையா? இருந்தது. ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பூச்சியாக இருந்தது. சாதாரணப் பூச்சி ஏன் திடீரென்று எமனாக மாறியது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைக் குடைந்த கேள்வி.

முதலில் இந்தப் பூச்சியின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். ஒரு தாய்ப்பூச்சி 200, 300 முட்டை வரை இடும். முட்டையை வெளியில் இடாது. இலை உறையைக் கீறி உள்ளே செருகி வைக்கும். முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த தலைமுறை முட்டையிட ஒரு மாதம் போதும். இறக்கையிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சாறு நிறைய இருந்து கூட்டம் குறைவாக இருந்தால் குட்டை இறக்கையோடு வளர்ந்து, அதே இடத்தில் தங்கி முட்டை மேல் முட்டையாக இடும். கூட்டம் பெருத்துப் பயிர் வற்ற ஆரம்பித்தால் அடுத்த தலைமுறைக்கு நீள இறக்கை முளைக்கும். காற்றோடு கிளம்பி வேறு ஊருக்குப் போய்விடும். வீட்டு நிலவரத்தைப் பார்த்துப் பிள்ளையை வெளியூர் வேலைக்கு அனுப்புகிற மாதிரிதான்.

சரி, பூச்சி தாக்காத நெல் ரகமாகக் கண்டுபிடித்தால் என்ன? அதையும் செய்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் ஐ.ஆர்.26 என்ற ரகத்தை வெளியிட்டது. அதற்குத் தாய் தகப்பனில் ஒன்று நம் தமிழ்நாட்டு டி.கே.எம்.6 நெல். இரண்டு மூன்று வருஷம் புகையான் கிட்டே வரவில்லை. பிறகு அந்த ரகத்தையே தின்னப் பழகிவிட்டது. எதிர்ப்புச் சக்தி உள்ள இன்னொரு நெல்லாக விஞ்ஞானிகள் கண்டறிந்ததும் நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7தான். இப்படி ரகம் மாற்ற மாற்றப் பூச்சியும் பழகிக்கொண்டே வந்தது. மருந்துக்கும் இதே கதை. லட்சக்கணக்கான பூச்சியில் நாலு பூச்சி மருந்தைத் தாங்கிப் பிழைக்கும். அடுத்த தலைமுறை முழுக்க அந்த நாலின் வாரிசு.

ஆனால் எந்த ரகத்துக்குப் பழகினாலும், எந்த மருந்தைத் தாங்கினாலும், புகையானால் சிலந்தியின் வாயிலிருந்து தப்ப முடியவில்லை. இனி சிலந்திக்கு வருவோம்.

நடவு வயலில் குனிந்து தூரைப் பார்த்தால் தண்ணீர் மேலேயே விறுவிறுவென்று ஓடும் சாம்பல் நிறச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். வலை பின்னி உட்கார்ந்திருக்காது, ஓடிப் பிடிக்கும். ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். நாள் ஒன்றுக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். முட்டைப் பையை வயிற்றின் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் அறுபது எண்பது குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வேட்டைக்குப் போகும். இடுப்பில் பிள்ளையோடு நடவுக்குப் போன நம் அம்மாக்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

சிலந்தி மட்டுமில்லை. பச்சை நிறத்தில் கறுப்புக் குறியோடு ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி இருக்கிறது. இலை உறைக்குள் ஒளித்து வைத்த புகையான் முட்டையை ஊசி வாயால் குத்தி உறிஞ்சும், நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை. பொறிவண்டு, ஊசித்தட்டான், தண்ணீர் மேல் நடக்கும் பூச்சி என்று இன்னும் ஒரு பட்டாளம் உண்டு. கண்ணுக்கே தெரியாத குளவிகளும் உண்டு. அவை எதிரிப் பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும்.

பயிரும் சும்மா நிற்பதில்லை என்பது இன்னொரு அதிசயம். புகையான் கடித்த நெற்பயிர் ஒரு தனி வாசனையை விடுகிறது, அந்த வாசனையை வைத்துக் குளவி தேடி வருகிறது என்று சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் சோதனை செய்து காட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி பயிர் கூப்பிடுகிறது. நம் மூக்குக்கு அது தெரியாது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நட்டு பத்து நாள் ஆன வயலில் புகையானே இருக்காது. அப்படியானால் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? பூச்சி வந்த பிறகு சிலந்தி வந்தால் தாமதம் ஆகிவிடுமே?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது இந்தோனேசியாவில் ஜாவாத் தீவில் நடந்த ஆய்வு. 1996இல் வெளிவந்தது. நெல் வயல்களில் உள்ள பூச்சிகளை உறிஞ்சும் கருவி வைத்து எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள். 700க்கும் மேற்பட்ட வகைப் பூச்சி, சிலந்திகள் கிடைத்தன! அதில் பயிரைத் தின்பவை கொஞ்சம்தான். பயிரையும் தொடாமல், மற்ற பூச்சியையும் தொடாமல், சேற்றில் அழுகிய தழையையும் தண்ணீரில் மிதக்கும் பாசியையும் தின்று வாழ்கிற பூச்சிகள் ஏராளம். கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. சாயங்காலம் வரப்பில் நடந்தால் மூக்கில் வாயில் புகுமே, அந்த வகை. அதன் புழு சேற்றுக்குள் சிவப்பு நூல் மாதிரி நெளியும். நடவு ஆன முதல் மாதத்தில் இவைதான் வயல் முழுக்கப் பெருகுகின்றன. சிலந்தியும் மற்ற நண்பர்களும் இவற்றைத் தின்றுதான் குடும்பம் பெருக்குகின்றன. அப்புறம் புகையான் பறந்து வந்து இறங்கும்போது, ஏற்கெனவே பசியோடு ஒரு படை காத்திருக்கும். வந்தவை பெருகுவதற்கு முன்னால் தின்று தீர்த்துவிடும்.

ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள். வயலில் தழை, எரு சேர்த்தால் இந்தக் கொசு மாதிரிப் பூச்சி கூடியது. அது கூடக்கூட சிலந்தி கூடியது. ஆக, நாம் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் தொழு உரம் அடிப்பதும் பயிருக்கு மட்டும் சோறு போடவில்லை. பாட்டி காலத்தில் தழை மிதித்தார்களே, அதற்குள் இந்தச் சங்கதியும் இருந்திருக்கிறது.

இப்போது நடவாகி இருபதாம் நாள் மருந்து அடித்தால் என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த நேரத்தில் பயிரில் தெரிவது பெரும்பாலும் இலைச்சுருட்டுப் புழுவும் அங்கங்கே ஓட்டை விழுந்த இலையும்தான். பார்க்கப் பகீர் என்றிருக்கும். ஆனால் அந்த வயதுப் பயிர் புதுத் தூர் விடும், புது இலை விடும். கொஞ்சம் இலை போனாலும் மகசூலில் குறை தெரியாத அளவுக்கு ஈடுகட்டிக்கொள்ளும். மருந்து அடித்ததால் தப்பித்தது என்று நாம் நினைப்பது பல நேரம் தானாகத் தேறிய பயிர். அந்த மருந்தில் முதலில் சாவது வெட்டவெளியில் ஓடித் திரிகிற சிலந்தியும், நாவாய்ப்பூச்சியும், குளவியும். இலை உறைக்குள் இருக்கும் புகையான் முட்டையை மருந்து தொடாது. குஞ்சு பொரித்து வெளியே வரும்போது வயல் காலி, எதிரியே இல்லை. ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் மூடாக்கு வானத்தில், பயிர் அடர்ந்து நிற்கும்போது, "மூணு தடவை அடிச்சும் புகையான் போகலையே" என்று சொல்கிறோமே, முதல் தடவை அடித்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம். சில மருந்துகள், முக்கியமாகச் செயற்கைப் பைரித்ராய்டு வகை, புகையானை இன்னும் பெருகச் செய்யும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. கடையில் அதுவும் அலமாரியில்தான் இருக்கிறது. பெயர் கேட்டு வாங்குங்கள், ரசீதும் வாங்குங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்கச் சொன்ன காலம் உண்டு. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986இல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். 1989க்குள் மானியமும் நின்றது. விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து, நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி எது என்று படம் வரைந்து கற்றுக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. மருந்துச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது, நெல் உற்பத்தி குறையவில்லை. வியட்நாமில் 1994இல் "முதல் 40 நாள் தெளிக்காதே" என்று சுவரொட்டியும் வானொலி நாடகமுமாகப் பிரசாரம் செய்தார்கள். அங்கே செய்த ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. யாரையும் "நம்பு" என்று சொல்லவில்லை. உன் வயலில் ஒரு ஓரத்தில் மட்டும் 40 நாள் அடிக்காமல் விட்டுப் பார், அறுவடையில் நீயே தூக்கி நிறுத்துப் பார் என்றார்கள்.

நம் ஊரில் நண்பன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2009, 2010இல் பப்பாளி மரமெல்லாம் வெள்ளையாக மாவு பூசிய மாதிரி ஆகிப் பட்டுப்போனது ஞாபகம் இருக்கும். பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதலில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடித்தும் அடங்கவில்லை, மேலே உள்ள மெழுகு மாவு மருந்தை உள்ளே விடாது. அதன் சொந்த நாட்டில் அது ஏன் இப்படி ஆடவில்லை என்று பார்த்தால், அங்கே அதைக் கட்டுப்படுத்தச் சின்னக் குளவிகள் இருந்தன. பூச்சி கடல் தாண்டி வந்துவிட்டது, குளவி வரவில்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, சோதித்து, வெளியில் விட்டது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பெருக்கிக் கொடுத்தன. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற வகை மாவுப்பூச்சியைத் தேடித் தேடி முட்டையிட்டது. ஒன்றிரண்டு வருஷத்தில் பப்பாளி பிழைத்தது. மாவுப்பூச்சி ஒரேயடியாக ஒழியவில்லை, இன்றைக்கும் அங்கங்கே இருக்கிறது. குளவியும் இருக்கிறது.

யூரியா பற்றியும் ஒரு வார்த்தை. யூரியா அதிகம் போட்டால் பயிர் கரும்பச்சையாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், தண்டு சாறு நிறைந்து மெத்தென்று இருக்கும். புகையானுக்கு அதைவிட விருந்து வேறில்லை. மண் பரிசோதனை அட்டையில் சொன்ன அளவைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வது இதற்காகவும்தான். நம்மில் பலர் மாட்டுக்கு அசோலா வளர்க்கிறோம். அந்த அசோலா இலைக்குள் சின்னக் குழி இருக்கிறது. அதில் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. இலை இடம் கொடுக்கிறது, பாசி சத்துக் கொடுக்கிறது. நடவு வயலில் கொஞ்சம் அள்ளிவிட்டால் யூரியாவில் ஒரு பங்கு மிச்சம். தொட்டியில் மிஞ்சுவதை வீணாக்காதீர்கள்.

வரப்பையும் சும்மா விட வேண்டாம். குளவிக்குப் பூத்தேன் வேண்டும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் நெல் வயல் ஓரத்தில் தேன் தரும் பூச்செடி வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. மருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது. நமக்குத் தோதானது வரப்பு உளுந்து, தட்டைப்பயறு. குளவிக்குப் பூ, நமக்குப் பயறு. வரப்பு உளுந்து வருமானம் யார் கைக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும்!

நடவில் நம் கையில் இருக்கும் விஷயம் பட்டம். எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நட்டால் காற்றும் வெயிலும் அடித்தூர் வரை போகும். நிழலும் ஈரமுமாக இருந்தால்தான் புகையான் தங்கும். இடம் வீணாகிறது என்று வீட்டில் சண்டைக்கு வருவார்கள். ஓரப் பயிர் நன்றாகத் தூர் கட்டும், அதைக் காட்டுங்கள். குருவி, கரிச்சான் உட்கார வயலில் குச்சி நட்டு வைக்கலாம்; பால் பிடிக்கும் முன்னால் அதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கதிருக்கே உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் மருந்தே அடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறோம். வயலில் குறுக்காக நடந்து இருபது குத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குத்தையும் லேசாகச் சாய்த்துத் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். தூர் எத்தனை, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கிலேயே சிலந்திக்கு இந்த மரியாதை இருக்கிறது. அளவு தாண்டினால் முதல் வேலை மருந்து இல்லை, தண்ணீரை வடிப்பது. மூன்று நாலு நாள் காயவிட்டாலே நிறையக் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை அடித்தூரில் படும்படி அடிக்க வேண்டும். மேல் இலையில் அடிப்பது காசைக் காற்றில் விடுவது. அடித்த வயலில் பாட்டிலில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை களை எடுக்க இறங்காதீர்கள். கூலி போகிறதே என்று இறங்குகிறவர்கள் நாம்தான். கை அரிப்பும் தலைச்சுற்றலும் நமக்குத்தான் வருகிறது.

நாற்றங்காலிலோ நட்ட வயலிலோ குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் இலை நுனியில் பழுப்பாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் கிள்ளி எடுங்கள். நாற்றுப் பறித்துக் கட்டும்போது நுனியைக் கிள்ளி நடச் சொல்வதும் இதற்குத்தான். முட்டை ஒட்டுண்ணிக் குளவி அட்டையாகவே கிடைக்கிறது. குருத்துப்பூச்சிக்கு நட்ட 30, 37ஆம் நாட்களில் கட்டச் சொல்கிறார்கள். கட்டிய பிறகு மருந்து அடித்தால் அட்டைக் காசும் போச்சு, குளவியும் போச்சு.

அடுத்த கூட்டத்தில் மருந்துக்கு என்று உள்கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம், நட்டு எத்தனை நாள், இருபது குத்தில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்ற மூன்றையும் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதும்படி ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடனை மறுப்பதற்காக இல்லை. 40 நாளுக்குள் இருந்தால், ஒரு மூலையிலாவது அடிக்காமல் விட்டு, அறுவடையில் அந்த மூலை நெல்லைத் தனியாக அளந்து கூட்டமைப்புக்குச் சொல்லுங்கள். பொங்கல் கழிந்து வரும் இதழில் எந்தெந்தக் குழு அளந்தது, எவ்வளவு வந்தது என்று அப்படியே போடுகிறோம்.